கட்டணம் வாங்கக் கூடாது என்று தொடங்கிய கல்விப்பணி: இயேசு சபைக் கல்லூரிகளைப் பற்றி ஒரு கேள்வி

1. மலைக்கோட்டைவாசி

வணக்கம். நான் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1983 முதல் 1986 வரை இயற்பியல் படித்தவன். எங்கள் பக்கம் ஜோசப் காலேஜ் என்றால்தான் பஸ் நடத்துனருக்கும் தெரியும். இன்றைக்கும் மெயின்கார்டு கேட் வழியாகப் போனால் லூர்து அன்னை கோயில் கோபுரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்காமல் நகர மாட்டேன். அந்தப் பற்றோடுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் தங்கை மகளின் சேர்க்கைக்காக வேறொரு ஊருக்குப் போனோம். அதுவும் ஒரு துறவற சபை நடத்தும் கல்லூரிதான், பெயர் வேண்டாம். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, சுயநிதிப் பிரிவில் இருக்கிறது என்றார்கள். அதே இயற்பியல், அதே பாடத்திட்டம், அதே பட்டம். காலையில் படித்தால் ஒரு கட்டணம். பிற்பகலில் படித்தால் அதைப் போலப் பல மடங்கு. தங்கை அலுவலகத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் கைப்பையிலிருந்து நகைக்கடன் அட்டையை எடுத்து, "இதே நகை மேல் இன்னும் எவ்வளவு கொடுப்பார்கள் அண்ணா?" என்று கேட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இயேசு சபையின் வரலாற்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காலத்தில், 1548-இல், சிசிலித் தீவின் மெசினா நகரத்தார் கேட்டுக்கொண்டதால் வெளி மாணவர்களுக்கான முதல் கல்லூரியைச் சபை தொடங்கியது. கற்பிப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது சபையின் சட்டம். நகரமோ, பிரபுவோ ஒரு நிதியை எழுதி வைக்க வேண்டும். அதிலிருந்து ஆசிரியர்கள் சாப்பிடுவார்கள். செருப்புத் தைப்பவர் மகனும் பிரபுவின் மகனும் ஒரே பலகையில் உட்காருவார்கள். 1773-இல் சபை கலைக்கப்பட்டது, அதன் நிதிகள் எல்லாம் பறிபோயின. 1814-இல் மீண்டும் உயிர்பெற்றபோது கையில் ஒன்றும் இல்லை. அதனால் 1833-இல் திருத்தந்தையிடம் தனி அனுமதி பெற்றுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

ஆக, கட்டணம் என்பதே ஒரு விதிவிலக்காக வந்தது. அந்த விதிவிலக்கு இன்று விதியாகிவிட்டதா? இயேசு சபைக் கல்லூரிகளில் படித்தவர்கள், கற்பித்தவர்கள், சபைக்கு உள்ளே இருப்பவர்கள் பேசினால் தெளிவு கிடைக்கும்.

2. முக்கோணம்

ஐயா, நான் கணித ஆசிரியன். உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சார்ல்ஸ் ராசீன் என்ற பிரெஞ்சுக்காரர், இயேசு சபைக் குரு. எலீ கார்த்தான் என்ற மாபெரும் வடிவியல் அறிஞரிடம் ஆய்வு செய்து 1934-இல் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐரோப்பாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நாற்காலி கிடைத்திருக்கும். 1937-இல் சபை அவரை இங்கே அனுப்பியது. முதலில் உங்கள் திருச்சி ஜோசப்பில், பிறகு சென்னை லயோலாவில், பணிக்காலம் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1976-இல் இறந்தார்.

அந்தக் காலத்துச் சென்னையில் கணக்கு என்றால் தேர்வுக் கணக்குதான். பழைய கேம்பிரிட்ஜ் வழியில் சூத்திரம் போட்டு விடை கொண்டுவருவது. ராசீன் அடிகளார் பிரான்சில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். நல்ல மாணவனைக் கண்டால் இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்குப் போகாதே, ஆராய்ச்சிக்குப் போ என்பார். அவர் கைகாட்டிய இடம், 1945-இல் தொடங்கப்பட்டிருந்த பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம். கே.ஜி. இராமநாதன், சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன், சி.பி. இராமானுஜம் என்று போனவர்களின் வரிசையைப் பாருங்கள். சேஷாத்ரியும் நரசிம்மனும் லயோலாவில் ஒன்றாகப் படித்து, 1953-இல் ஒன்றாகப் பம்பாய் போய், 1965-இல் இருவர் பெயராலும் வழங்கும் தேற்றத்தைத் தந்தார்கள். உலகத்தில் எங்கே வடிவியல் சொல்லிக்கொடுத்தாலும் அந்தத் தேற்றம் வருகிறது.

இவர்களில் யாரையும் அவர் மதம் மாறச் சொல்லவில்லை. தன் ஆய்வை விட்டுவிட்டு அடுத்தவன் ஆய்வுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு எந்தக் கட்டணப் பட்டியலிலும் தலைப்பு கிடையாது. கல்விப்பணி என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

3. தாளடி

முக்கோணம் ஐயா, ராசீன் அடிகளாரை நானும் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன நான்கு பெயர்களையும் இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். கல்லூரி வாசலுக்கு வரும் முன்பே எழுத்தும் எண்ணும் வீட்டில் புழங்கியவர்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே ஆண்டுகளில் எங்கள் சேரியிலிருந்து எத்தனை பேர் லயோலாவின் படியேறினார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் தலித் கிறிஸ்தவன். எங்கள் ஊர்க் கல்லறையில் இன்றும் இரண்டு பக்கம் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதி என்ற இடம் இல்லை. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டுக்கு நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறோம். ஊருக்குள் பறையன், விண்ணப்பத்தில் பிற்படுத்தப்பட்டவன். இந்த இடைவெளியில் விழுந்த பிள்ளைகளை யார் தூக்குவது? அரசு தூக்கவில்லை. சபைக் கல்லூரிகளாவது தூக்க வேண்டாமா?

சபைக்கு இது தெரியாமல் இல்லை. 1973-இல் அன்றைய உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே, ஸ்பெயினின் வாலன்சியா நகரில் பழைய மாணவர்களைக் கூட்டி வைத்து, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் நம் பள்ளிகளின் வேலை, உங்களை நாங்கள் அப்படி உருவாக்கினோமா என்றால் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பழைய மாணவர்கள் பலருக்கு அது கசந்தது. அடுத்து 1975-இல் சபையின் பொதுப்பேரவை, நம்பிக்கைக்கு ஊழியம் செய்வதும் நீதிக்காக உழைப்பதும் பிரிக்க முடியாத ஒரே பணி என்று தீர்மானம் போட்டது. எனக்கு அந்தத் தீர்மானம் படிப்பில் வரவில்லை, வீட்டு வாசலில் வந்தது. எங்கள் பங்குக் குரு என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மறுநாள் விடுதியில் இடத்தோடு திரும்பி வந்தார். நான் இன்று ஆசிரியனாக இருப்பது அந்தப் பஸ் பயணத்தால்.

அதனால்தான் கோபம் வருகிறது. அப்படி ஒருவர் போகாத ஊர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

4. பொருநைச்செல்வி

அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். பெயரை விட்டுவிடுகிறேன். மலைக்கோட்டை அண்ணன் சொன்ன இரண்டு கட்டணம் எப்படி வந்தது என்பதைக் கல்லூரிக்குள் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அதனால்தான் அங்கே கட்டணம் குறைவு. அந்தப் பிரிவில் புதிய துறை தொடங்கவோ, இடங்களைக் கூட்டவோ கல்லூரி தன்னிஷ்டப்படி செய்ய முடியாது. ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பும் அனுமதிக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். இதற்கிடையே கணினி வேண்டும், வணிகவியல் வேண்டும் என்று பெற்றோர் கேட்டு வந்தார்கள். அரசு கொடுக்காததைக் கட்டணத்தால் நடத்தலாம் என்று சுயநிதிப் பிரிவு வந்தது. முதலில் ஒரு பாடம். பிறகு மூன்று. நான் ஓய்வுபெறும்போது காலை மாணவிகளைவிடப் பிற்பகல் மாணவிகள் அதிகம்.

ஆனால் நான் வருந்துவது கட்டணத்துக்காக மட்டும் இல்லை. ஆசிரியர் அறையில் இரண்டு வருகைப் பதிவேடுகள் இருந்தன. ஒன்று தடித்த அட்டை போட்டது. நாங்கள் கையெழுத்துப் போடுவது. இன்னொன்று ஜன்னலோரம் ஒரு ஸ்டூலின் மேல் கிடக்கும். அதில் கையெழுத்துப் போடும் பெண்ணும் முனைவர் பட்டம் பெற்றவள்தான், என்னுடைய மாணவிதான், நான் நடத்திய அதே சிலப்பதிகாரத்தைத்தான் நடத்தினாள். என் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு அவளுக்கு வரவில்லை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஏப்ரல் கடைசியில் அவள் கண்ணைப் பார்த்துப் பேச எனக்குக் கூசும்.

மாணவியிடம் கூடுதலாக வாங்கி, ஆசிரியைக்குக் குறைவாகக் கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு நீதியைப் பற்றி எப்படிப் பாடம் எடுப்பது? இதைச் சகோதரிகளிடமே கேட்டிருக்கிறேன். கேட்டவளை அவர்கள் வெறுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். தலைமைச் சகோதரி நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள்.

5. வைகறை

நான் இயேசு சபையில் பயிற்சியில் இருப்பவன். இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து.

பணம் எங்கிருந்து வந்தது, எங்கே நின்றது என்பதை மூத்த குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு கல்லூரியில் குருக்கள் பலர் அரசு உதவி பெறும் பணியிடங்களில் பேராசிரியர்களாக இருந்தார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரின் சம்பளத்தில் ஒரு ரூபாயும் அவருடையது கிடையாது. முழுவதும் இல்லத்தின் கணக்குக்குப் போகும். வீட்டுச் செலவு போக மிஞ்சியதில்தான் விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாக்கி தீர்ந்தது, கட்டணம் கட்ட முடியாதவனின் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. மெசினாவில் நகரத்தார் எழுதி வைத்த நிதிக்கு இங்கே ஈடாக இருந்தது இந்தச் சம்பளங்கள்தான் என்று ஒரு முதியவர் சொன்னது என் மனத்தில் நின்றுவிட்டது.

இன்று அந்த ஊற்று வற்றுகிறது. சபையில் சேருவோர் குறைவு. சேர்ந்தவருக்கும் அரசு உதவி பெறும் இடம் எளிதில் கிடைப்பதில்லை. 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி துறவிகளின் சம்பளத்துக்கு வருமான வரி பிடித்தம் இல்லாமல் இருந்தது. அது வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தாண்டி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பிடித்தம் உண்டு என்பது தீர்ப்பு. எல்லா ஆசிரியரையும் போல வரி கட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. வரவு சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதற்காகச் சொன்னேன்.

தாளடி அண்ணா, நீங்கள் சொன்ன பஸ் பயணத்தை எங்களில் எத்தனை பேர் இன்று போகிறோம் என்று யோசித்தேன். நிர்வாகக் கோப்புகளில் மூழ்கிப்போகும் குருக்களை நான் தினமும் பார்க்கிறேன். தரச்சான்று ஆய்வுக் குழு வரும் ஆண்டில் முதல்வரும் செயலரும் மாணவன் முகத்தைப் பார்ப்பதே அரிது.

6. கறுப்புஅங்கி

சட்டம் பற்றி ஒரு சிறு குறிப்பு. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் எல்லையை வகுத்த பெரிய தீர்ப்புகளில் ஒன்று, அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் 1974-இல் ஒன்பது நீதிபதிகள் தந்தது. அதுவும் இயேசு சபைக் கல்லூரிதான். நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்ற கருத்தையும் நீதிமன்றம் அதில் வலியுறுத்தியது. செல்வி அம்மா சொன்ன ஸ்டூல் மேல் இருந்த பதிவேட்டைப் படித்தபோது அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

7. பச்சிலை

எல்லோரும் கட்டணத்தைப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு காசு வாங்காமல் கிடைத்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் வேறொரு கல்லூரியில் தாவரவியல் முதுகலை படித்தேன். என் ஆய்வுக்குப் பச்சைமலைச் செடி ஒன்றின் பெயர் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் ஆசிரியர், ஜோசப் கல்லூரியின் ராப்பினாத் உலர்தாவரத் தொகுப்புக்குப் போ என்றார். ராப்பினாத் என்பவரும் இயேசு சபைத் தாவரவியலாளர். அவர் பெயரால் 1967-இல் அதைத் தொடங்கியவர் கே.எம். மத்தேயு அடிகளார். காவிரிச் சமவெளியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் அலைந்து செடி சேகரித்து, தமிழ்நாட்டின் இந்தப் பகுதித் தாவரங்களுக்கு முழுமையான பட்டியலும் விளக்கமும் எழுதியவர். பழனி மலைத் தாவரங்களுக்கு அவர் எழுதிய நூல் 1999-இல் மூன்று பகுதிகளாக வந்தது. 2004-இல் காலமானார்.

உள்ளே போனால் அந்துருண்டை வாசனை. இரும்பு அலமாரி, உறை உறையாகத் தடித்த தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி, வேரும் பூவுமாக, நூலால் தைத்து ஒட்டியது. கீழே வலது மூலையில் ஒரு சீட்டு: எடுத்த இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரித்தவர் பெயர், வரிசை எண். செடி காய்வதற்குச் செய்தித்தாள் இடுக்கில் வைத்து அழுத்துவார்கள். ஈரத்தாளை நாள்தோறும் எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை மாற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் பூசணம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் மலையில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தேடிய செடி அங்கே இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் அதே மலைச்சரிவில் எடுத்தது. எங்கள் அப்பத்தா காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் செடிக்கு அந்தச் சீட்டில் ஒரு முழுப் பெயர் இருந்தது.

நான் அந்தக் கல்லூரி மாணவன் இல்லை. யார் நீ, எந்தச் சபை, எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் தொடு என்று மட்டும் சொன்னார்கள்.

8. மலைக்கோட்டைவாசி

படிக்கப் படிக்க என் கேள்வி மாறிவிட்டது. கட்டணத்தை வைத்து மட்டும் நான் அளந்தேன். ராசீன் அடிகளாரின் கடிதம், பங்குக் குருவின் பஸ் பயணம், பச்சிலை தம்பி தொட்ட அந்தத் தாள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தன் நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார். என் நாளிலும் அப்படித்தான். இரவு விடுதிப் படிப்பு நேரத்தில் ஜெபமாலையோடு நடந்துகொண்டே வருவார் எங்கள் விடுதிக் காப்பாளர். என் மேசையருகில் நின்று, "அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அப்பாவுக்கு இருமல் என்று நான் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

வைகறை தம்பி சொல்வது உண்மையானால், குறைந்திருப்பது பணத்தைவிட இந்த நேரம்தான். எங்கள் ஜோசப் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குருக்களிடம் பணமும் இல்லை, மொழியும் இல்லை. நேரம் மட்டும் இருந்தது.

9. தாளடி

அண்ணா, மன்னியுங்கள், இதில் நான் உடன்படவில்லை. நேரம் பெரிது என்று சொல்லிப் பணத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் தங்கை கையில் இருப்பது நகைக்கடன் அட்டை. அன்பான காப்பாளர் அதை மீட்டுக் கொடுக்க மாட்டார்.

சபையால் முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 1970-இல் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரியைத் தொடங்கினார்கள். நகரத்தில் இன்னொரு லயோலா கட்டியிருந்தால் பெயரும் பணமும் கிடைத்திருக்கும். வானம் பார்த்த பூமியில், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். அந்த முடிவை எடுத்த சபையிடம்தான் நான் கேட்கிறேன்: பிற்பகல் பிரிவின் வரவு செலவை வெளியே வையுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆசிரியருக்குப் போனது, எவ்வளவு கட்டடத்துக்குப் போனது, எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் தள்ளுபடி ஆனது. ஒரு பக்கத் தாள் போதும்.

10. பொருநைச்செல்வி

தாளடி தம்பி கேட்பது நியாயம். நான் இன்னொன்று சேர்க்கிறேன், இதற்குப் பணமே வேண்டாம்.

எங்கள் கல்லூரியில் பிற்பகல் வகுப்பு முடியும்போது நூலகம் பூட்டியிருக்கும். காலை மாணவி வகுப்பு முடிந்து மதியம் முழுக்க அங்கே உட்கார்ந்து படிப்பாள். பிற்பகல் மாணவி பெட்டிக்கடை, நெல் வயல், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடித்து வருபவள். காலையில் அவளால் வர முடியாது. மாலை வகுப்பு விட்டதும் ஊர்ப் பஸ்ஸுக்கு ஓடுவாள், அதை விட்டால் அடுத்தது இரவில்தான். கூடுதல் கட்டணம் கொடுத்தவள் மூன்று ஆண்டும் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்காராமல் பட்டம் வாங்கிக்கொண்டு போனாள்.

11. மலைக்கோட்டைவாசி

செல்வி அக்கா எழுதியதைத் தங்கை மகளிடம் படித்துக் காட்டினேன். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது; அவளும் இன்னும் நூலகத்துக்குள் போகவில்லையாம். வகுப்பு ஐந்தரைக்கு முடிகிறது, எங்கள் ஊர்ப் பஸ் ஐந்து ஐம்பதுக்கு.

அந்தக் கல்லூரியின் முதல்வருக்கு, அவரும் ஒரு குருதான், கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். தாளடி கேட்ட ஒரு பக்கக் கணக்கு. பிற்பகல் ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம். நூலகம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. இரவு நேரத்துக்கு ஆள் இல்லை என்றால், வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து வாசலில் உட்காருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்றவன், எனக்கு வேறு வேலை இல்லை.

கறுப்புஅங்கி ஐயா, கடிதத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சட்டப்படி ஏதாவது மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏழே முக்காலுக்குப் பிறகு எங்கள் பக்கம் போகும் பஸ் எது என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகள் நூலகத்தில் இருந்துவிட்டு எதில் வீடு திரும்புவார்கள் என்ற ஒரு வரி மட்டும் கடிதத்தில் இன்னும் காலியாக இருக்கிறது.

12. வைகறை

மூன்றாவது நாளுக்கு நான் வருகிறேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.